ஒரு கிழமை பிந்தி

சிக்னாவ் தேவாலயத்தின் நாலு மணிகளையும் ஆட்டும் மென்பொருளுக்கு
விண்டோஸ் தொண்ணூற்றெட்டைத் தவிர வேறு வீடு தெரியாது.
அதை எழுதிய கம்பெனி எப்போதோ மூடியாயிற்று.
புதுக் கட்டுப்பாட்டுப் பெட்டி பதினெண்ணாயிரம் பிராங்க் என்றதும்
சபைக் கூட்டத்தில் எல்லோரும் கோப்பியைக் கலக்கினார்கள்.
பிறகு என்னைப் பார்த்தார்கள்.

பழைய வட்டைப் படியெடுத்து
புதுக் கணினியின் ஒரு சாளரத்துக்குள் எழுப்பினேன்.
அறுபத்து நாலு மெகாபைட் கொடுத்தேன், போதும் என்றது.
இல்லாத நெகிழ்வட்டுக்காக ஒரு கணம் காத்திருந்துவிட்டு
மயில்கழுத்து நிறத்தில் கண் விழித்தது.
தனக்கென்று முழு இயந்திரம் ஒன்று இருப்பதாக
இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறது.

கையேட்டில் அதன் பெயர் விருந்தாளி.
விருந்து என்றால் பழந்தமிழில் புதுமை.
என் விருந்தாளியோ திகதி கேட்டாலே நடுங்கும்:
உரிமம் தொண்ணூற்றொன்பது டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது.
ஆகவே பொய் சொல்கிறேன்.
இருபத்தெட்டு வருஷத்தைக் கழித்தால்
ஞாயிறு ஞாயிறிலேயே விழும்.
வெளியே இருபத்தாறு, உள்ளே தொண்ணூற்றெட்டு.
வலைத்தொடர்பை அறுத்துவிட்டேன்.
அது ஒரு வைரஸைத் தாங்காது,
செய்தியையும் தாங்காது.

தொண்ணூற்றெட்டில் நான்
வவுனியாவில், அம்மாவின் கைப்பையைப் பிடித்தபடி
பாஸ் வரிசையில் நின்றேன்.
திகதி முடிந்த தாளுக்கு என்ன நடக்கும் என்று
அங்கேதான் படித்தேன்.

உயிர்த்த ஞாயிறை மறந்துபோனேன்.
அது நிலாவைப் பார்த்து வருகிற நாள்,
என் இருபத்தெட்டுக்கு அடங்காது.
ஏப்ரல் ஐந்து, விடியல் ஆறு.
ரூடி ஏஷ்லிமான் மெழுகுதிரியோடு நிற்க
சின்ன மணி மட்டும் ஆறு தரம் அடித்து ஓய்ந்தது.
உள்ளே அன்றைக்குக் குருத்தோலை ஞாயிறு.
"ஃப்ராவ் நவா," என்றார் தொலைபேசியில்,
நவரட்ணராஜாவை அவர் ஒருநாளும் முடித்ததில்லை,
"ஆண்டவர் இன்னும் எழும்பவில்லை."

பேர்னில், கட்டிலில் இருந்தபடி
கணினிக்குள் நுழைந்து, அதற்குள் இருந்த கணினிக்குள் நுழைந்து
எழுப்பிவிட்டேன். பதினேழு நிமிஷம் பிந்தி.

அடுத்த ஞாயிறை நிறுத்த மறந்தது என் இரண்டாம் பிழை.
பன்னிரண்டாம் திகதி, ஆறு மணிக்கு, ஒருவரும் கேளாமல்
நாலு மணியும் சேர்ந்து கால் மணி நேரம் முழங்கின.
மூன்று முறைப்பாடுகள். ஒன்று பால்பண்ணையிலிருந்து.

ஒன்பது மணி ரயிலில் மன்னிப்புக் கேட்க வந்தேன்.
கோயில் மதிலில் வெள்ளை நெட்செலா போர்த்தி
திர்ஹாஸ் இருந்தாள்,
முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவுபவள்.
பக்கத்தில் ரூடி, கையில் அவள் கொடுத்த ரொட்டித் துண்டோடு
தின்பதா வைத்திருப்பதா என்று தெரியாமல்.
ஏலக்காய் மணத்தது.
"இன்றுதான் எங்கள் பாஸ்கா," என்றாள்
எனக்கும் அவளுக்கும் சொந்தமில்லாத ஜெர்மனில்.
"பத்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன்.
இவர்களுக்கு யார் சொன்னது?"

உரிமம், இருபத்தெட்டு, நிலா
எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன.
ரொட்டியை வாய் நிறைய அடைத்துக்கொண்டேன்.

பிறகு மணிக்கூட்டுக்குக் கீழே, தூசி அறையில் கணக்குப் பார்த்தேன்.
அடுத்த வருஷம் இவர்களுக்கு மார்ச் இருபத்தெட்டு.
உள்ளே இருப்பதற்கு ஏப்ரல் நாலு.
அவளுக்கு மே இரண்டு.
ஒன்றும் ஒன்றோடு ஒட்டாது.
அதற்கடுத்த வருஷம் உரிமமே மிஞ்சாது;
தொண்ணூற்றுநாலுக்கு, அது பிறக்காத காலத்துக்கு
பின்னால் நடத்திப் போகவேண்டும்.
அதை அப்போது பார்ப்போம்.

ஏப்ரல் நாலை அழித்து, மார்ச் இருபத்தெட்டைப் போட்டேன்.
ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன்:
மே இரண்டு, காலை ஆறு, நாலு மணியும்.
நிகழ்வின் பெயர் என்ன என்று கேட்டது,
எட்டு எழுத்துக்கு மேல் கொள்ளாது என்றது.

சோதனை என்று எழுதினேன்.
அப்படிப் பெயர் வைத்த எதையும்
இந்த நாட்டில் யாரும் அழிப்பதில்லை.