உதரவிதானம்

பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள் நான்.
விஸ்கான்சினில், ஜனவரியில், விடிகாலை நான்கு மணிக்கு
ஒரு கொட்டகை என்னைக் கூப்பிட்டால்
எங்கோ ரப்பர் கிழிந்திருக்கிறது என்று பொருள்.
காற்று கசியும் இடத்தைக்
காதால் கண்டுபிடிப்பேன்.

ஹால்வர்சன் பண்ணை ஏலத்தில்
ஏழு டாலருக்கு ஒரு பெட்டி திருகாணி.
அடியில் கிடந்தது பேனா:
பச்சையும் கறுப்புமாக வளையம் வளையமாய் உடல்,
வால்மூடியைக் கழற்றினால் ஓர் அழுத்துகுமிழ்.
அழுத்தினேன்.
போனது, திரும்பி வரவில்லை.

உள்ளே இருந்தது
ரப்பராக இருந்து, தாராகி,
பிறகு பெயரில்லாத ஏதோவாகி ஒட்டிக்கிடந்தது.
ஒரு மாலை முழுக்கச் சுரண்டல்.
பல்குச்சி, வெதுவெதுப்பான தண்ணீர், கெட்ட வார்த்தைகள்.
தொட்டியில் நீலம் நான்கு முறை வெளுத்து
ஐந்தாம் முறை மறுபடி நீலமாகவே வந்தது.
யாரோ எழுதாமல் விட்டது. எனக்கென்ன.

துடைத்து விளக்கடியில் பிடித்தபோதுதான் தெரிந்தது,
இது என் இயந்திரம்தான், விரலளவில்.
அதே சவ்வு, அதே வெற்றிடம்.
பசுவுக்குப் பதில் ஒரு மைப்புட்டி.

பென்சில் முனையில் சிலிக்கோன் பூசி உரித்தேன்.
முதலாவது தடிமன், மடங்க மறுத்தது.
இரண்டாவது கையோடு கிழிந்தது.
மூன்றாவது,
தவளையின் தொண்டைபோல் உள்ளே போய் வெளியே வந்தது.
மைக்குள் நிற்கும் மூச்சுக்குழாய் உடைந்திருந்தது.
எதிர்வீட்டு சியோங் மோவா
தன் முப்பரிமாண அச்சுப்பொறிக்கு வாங்கி மிஞ்சிய
டெஃப்லான் குழாயில் விரல்நீளம் வெட்டித் தந்தாள்.
எதற்கு என்று கேட்கவில்லை.
அரக்கை மட்டும் மாற்றவில்லை.
சூடு காட்டினால் விட்டுக்கொடுக்கும்,
நாளைக்கு நானே திறக்க வேண்டியிருக்கும்.

புட்டிக்குள் முனையை விட்டு அழுத்தினேன்.
குமிழி, குமிழி, குமிழி.
ஒன்பதாவது அழுத்தலில் புட்டி அமைதியானது.
நிரம்பிவிட்டது.

எழுத என்னிடம் ஒன்றுமில்லை.
வேலைச்சீட்டின் பின்பக்கம்
போன வாரம் என்னை உதைத்த பசுவின் எண்ணை எழுதினேன்:
1147.
இரண்டாவது ஒன்று முதல் ஒன்றைவிடக் கறுப்பு.

மூன்று நாளாகச் சட்டைப்பையில் தலைகீழாக வைத்திருக்கிறேன்,
வேண்டுமென்றே.
கொட்டகைக்குள் குனியும்போதெல்லாம்
கை அங்கே போய்த் தடவிப் பார்க்கிறது.
இன்று, விளக்கு போடுவதற்கு முன்,
விரலில் ஈரம்.

முகர்ந்து பார்த்தேன்.
பால்.