பஞசர

எங்கள் கடைப் பலகையில் அப்படித்தான் இருக்கிறது.
புள்ளி வைக்க நாளைக்கு வருகிறேன் என்று
காசை வாங்கிக்கொண்டு போன சகாயம்
ஏழு வருஷமாக வரவில்லை.
எண்ணூர் ரோட்டு டிரெய்லர்காரர்கள்
முன்னால் தொங்கும் டயரைத்தான் படிக்கிறார்கள்.

ஸ்டான்லியில், ராத்திரி ரெண்டு மணிக்கு,
ஹவுஸ் சர்ஜன் பெண் ஒரு தாளை நீட்டினாள்:
பையனுக்கு முதுகுல பஞ்சர் போடணும்மா, கையெழுத்து.

பஞ்சர் போடுவதென்றால்
எங்களுக்கு அடைப்பது.
டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி
குமிழி வரும் இடத்தில் விரலை வைத்து
உப்புத்தாள் தேய்த்து, சொலூஷன் தடவி, ஊதி, ஒட்டி.
இவளோ ஓட்டை போடுவதைச் சொல்கிறாள்.

சிரித்துவிட்டேன்.
பிள்ளை கழுத்து விறைத்துக் கிடக்கையில்
சிரித்த தாய் அந்த வார்டில் நான்தான்.

ஏன் என்றாள். சொன்னேன்.
தூக்கக் கண்ணைத் தேய்த்துக்கொண்டே அவளும் சிரித்தாள்.
லத்தீனில் குத்துவதற்கு ஒரு சொல்லாம்,
பஞ்சர் அதன் பிள்ளையாம்,
பாயிண்ட், பங்சுவல் எல்லாம் கூடப்பிறந்தவையாம்.
வாக்கியம் முடிந்தால் வைக்கிற புள்ளியும்
அதே ஊசி குத்தியதுதானாம்.

எங்களிடம் குத்துக்கா குறைச்சல்.
காது குத்து, பச்சை குத்து, ஓட்டுக் குத்து,
மருந்துக்கடைக்காரன் சொல்லும் குத்துமதிப்பு.
கொருக்குப்பேட்டையில்
'அவன பஞ்சர் பண்ட்டாங்க' என்றால் டயர் இல்லை.
என் தம்பியை இதே கட்டடத்துக்கு
அப்படித்தான் தூக்கி வந்தோம்.
அவனுக்குக் கையெழுத்து கேட்க
யாருக்கும் நேரம் இருக்கவில்லை.

ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை பொத்துக்கொள்ளும்,
அதனால் வைக்காமலே எழுதினார்கள்,
படிக்கிறவன் இடம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும்:
எட்டாம் வகுப்பில் கேட்டது
அந்த நேரத்தில் எதற்கோ ஞாபகம் வந்தது.
போகட்டும் சகாயம்.

எஸ்தர் என்று எழுதினேன்.
கட்டில் மெத்தைமேல் தாள்.
ஸ் நின்றது. ர் கிழிந்தது.
பரவாயில்லம்மா என்றாள்.

இறாலைப்போல் அவனைச் சுருட்டிப் பிடித்தோம்.
முட்டி மோவாயில் இடித்தது.
குழாயில் ஒரு சொட்டு. இன்னொன்று.
வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து
தெளிவாத்தான் இருக்கு, லேப்ல பாக்கலாம் என்றாள்.
குமிழி இருக்கிறதா என்று நானும் பார்த்தேன்.

வட்டமாய் ஒரு பிளாஸ்திரி வைத்துவிட்டு
அடுத்த கட்டிலுக்கு ஓடினாள்.
விளிம்பை அவள் தேய்க்கவில்லை.
நான் தேய்த்தேன், கட்டைவிரலால்,
நடுவிலிருந்து வெளியே,
காற்று நிற்காதபடி.