புள்ளி நாலு அஞ்சு

ஞாயிறு ராத்திரி நிறுத்தினால்
வியாழன் காலையில் செத்துக் கிடக்கும்.
சாவியைத் திருகினால்
பானெட்டுக்குள் பல்லிச் சத்தம் மட்டும்.
சேரன்மகாதேவியில் எங்கள் தெரு
கன்னடியன் கால்வாயைப் பார்த்துச் சரியும்.
அந்தச் சரிவை வைத்தே ஒரு வருஷம் ஓட்டினேன்,
செகண்ட் கியர், கிளட்ச், பிள்ளையார் துணை.

பத்தமடை ரோட்டில் ஐசக் பார்த்தான்.
"பேட்டரி போயிட்டு அண்ணாச்சி."
புதுசு போட்டேன். அதுவும் போயிற்று.
டைனமோவைச் சந்தேகப்பட்டான்.
அது பதினாலு வோல்ட் கொடுத்துக்கொண்டு
ஒன்றும் தெரியாத மாதிரி சுற்றியது.
"ராத்திரி ஒயரக் கழட்டிப் போட்ருங்க" என்று
பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றைச் சும்மாவே கொடுத்தான்.

நான் மின்வாரியத்தில் கணக்கெடுக்கிறவன்.
பூட்டிக் கிடந்த வீட்டுக்கு இம்புட்டு யூனிட்டா என்று
சண்டைக்கு வருகிறவர்களிடம்
எதையாவது அணைக்காமப் போயிருப்பீங்க என்று
அட்டையில் எழுதிக் கொடுத்துவிட்டு
அடுத்த வாசலுக்குப் போகிறவன்.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை.
தென்னை எல்லாம் ஒரே பக்கம் சாய்கிற காற்று.
பானெட்டுக்கு விறகுக்கட்டையால் முட்டுக் கொடுத்து,
நெகட்டிவ் ஒயரைக் கழற்றி,
பேட்டரிக்கும் அதற்கும் நடுவில்
மல்ட்டிமீட்டரை நிற்க வைத்தேன்.
கதவு திறந்திருந்தால் கணக்குத் தப்பும்;
திறந்த கதவின் கொக்கியை
ஸ்குரூடிரைவரால் அழுத்தி, பூட்டியதாக நம்ப வைத்தேன்.

ஒன்றுமே எரியாத வண்டியில்
0.45.

ஃபியூஸ் ஃபியூஸாகப் பிடுங்கினேன்.
ஹாரன். அசையவில்லை.
வைப்பர். இல்லை.
பாட்டுப் பெட்டி, அதுவும் இல்லை.
ஃபேன், ஹெட்லைட், பெயர் அழிந்த ஒன்று.
உள்விளக்கு என்று போட்டிருந்ததை இழுத்ததும்
எண் சட்டென்று விழுந்தது:
0.03.

டார்ச் பிடித்துக்கொண்டிருந்த முப்பிடாதி கேட்டாள்,
"உள்ள பல்பே இல்லியே?"
"டிக்கில ஒண்ணு இருக்கு."
"அப்ப அதுதான்."
"டிக்கிய மூடினா அது அணைஞ்சிரும்."
"நீங்க பாத்தீயளா?"

பதினாறு வருஷம் மீட்டர் பார்த்தவன் நான்.
பதில் இல்லை.

ஜாக்கி, குடை, காலி எண்ணெய்க் கேன்
எல்லாவற்றையும் தெருவில் எடுத்து வைத்தாள்.
சேலையை இடுப்பில் சொருகி
ஏறி, முழங்காலைக் கட்டிக்கொண்டு படுத்தாள்.
"மூடுங்க."
யோசித்தேன்.
"மூடுங்கன்னா!"

மூடினேன்.
காற்று மட்டும்.
சாயந்தர ஜெபத்துக்குப் போன ரெஜினா டீச்சர்
மூடிய டிக்கியில் காது வைத்து நிற்கிற என்னைப் பார்த்து
நின்றார்.
"யாரு சார் உள்ள?"
"வீட்ல" என்றேன்.
அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

உள்ளிருந்து சிரிப்பு. பிறகு குரல்:
"எரியுது! பகல் மாதிரி எரியுது!
பஞ்சாயத்துல போய்ச் சண்டை போட்டீயளே,
அந்த வீட்டு வரி ரசீது இங்கன கெடக்கு!"

ஒரு வருஷ ராத்திரி அத்தனையும்
ஜாக்கிக்கும் குடைக்கும்
விளக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

சுவிட்சின் தலை உடைந்திருந்தது.
மூடி வந்து தொட வேண்டிய இடத்தில்
ஒரு நெல் படுக்கிற இடைவெளி.
அறுந்த செருப்பில் ரப்பர் வெட்டி ஒட்டினேன்.
முப்பிடாதி இன்னொரு தரம் ஏறிப் படுத்தாள்.
"கும்மிருட்டு" என்றாள், சந்தோஷமாக.
திறக்கச் சாவியைத் தேடினேன்;
அது அவள் முந்தானையில் இருந்தது.
பின்சீட்டைக் கழற்றி அவளை எடுத்த கதையை
அவளே சொல்லட்டும்.

ராத்திரி, தூங்கிவிட்டாள் என்று நினைத்தபோது,
"மிச்சம் புள்ளி சைபர் மூணு
யாரு திங்கா?" என்றாள்.
"கடிகாரம். அது ஓடணும்லா."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"அதுவும் இருவது நிமிசம் தப்பாத்தான காட்டுது"
என்று சொல்லிவிட்டுத்
திரும்பிப் படுத்துக்கொண்டாள்.