உள்ளே ஒருவர், வெளியே இருவர்

ஜுபைலில் எனக்கு வேலை, ஓட்டைக்குக் காவல்.
தொட்டியின் துளையருகே
கவிழ்த்த பெயிண்ட் வாளியில் உட்கார்ந்து
நுழைகிறவன் பெயர், நேரம்,
வருகிறவன் பெயர், நேரம் எழுத வேண்டும்.
எழுதுவதற்குச் சம்பளம் வாங்கிய முதல் ஆள்
எங்கள் வீட்டில் நான்தான்.

மார்ச்சில் ஒரு செவ்வாய்.
வாயு சோதித்துப் பச்சைச் சீட்டுத் தொங்கவிட்ட பிறகு
ஒன்பது பத்துக்கு இதயதுல்லா
பதினான்காம் தொட்டிக்குள் போனான்.
பதினொன்று நாற்பதுக்கு
இரண்டு பேர் வந்தார்கள்.

இரண்டாமவன் முகமெல்லாம் கசடு.
பெயர் சொல்லவில்லை.
பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான்,
இடமிருந்து வலமா, வலமிருந்து இடமா
என்று பிடிபடாத ஒரு கையெழுத்து.
பிறகு வரிசையில் நின்று தண்ணீர் குடித்தான்.
அவ்வளவுதான் கதை.
நடந்ததா என்று கேட்டால்,
வாளியும் வெயிலும் நடந்தவை.

ஊருக்கு அனுப்பினேன்.
பேய்க்கதைப் பத்திரிகை திருப்பியது:
உங்கள் பேய் பயமுறுத்தவில்லை,
போதாததற்குத் தாகம் வேறு எடுக்கிறது.
தொழிலாளர் இதழ் நடத்தும் தோழர் எழுதினார்:
சம்பளப் பாக்கி, பூட்ஸ் கடி எல்லாம் அசல்,
அந்த இரண்டாவது ஆளை மட்டும் எடுத்துவிடுங்கள்.
அறிவியல் புனைகதைப் போட்டிக்காரர்
ஒரே ஒரு விளக்கம் கேட்டார்,
ஒரு பத்தி போதுமாம்.

வெள்ளிக்கிழமை, அறை இருபத்தேழில் வாசித்துக் காட்டினேன்.
குக்கர் மூன்று விசில் அடித்தும் யாரும் எழவில்லை.
'அவனுக்கு ஓ.டி. யார் போட்டது?' என்றான் கலியமூர்த்தி.
'முதல்ல வந்தவன்தான் இதயதுல்லான்னு
உனக்கு எப்படித் தெரியும்?' என்றான் சூசைமிக்கேல்.
என்ன வகைக் கதை என்று ஒருவரும் கேட்கவில்லை.
படுக்கும்முன் கலியமூர்த்தி கதவைத் தாழிட்டான்.
கொஞ்சம் யோசித்து,
எழுந்துபோய்த் திறந்துவைத்தான்.

இங்கே கல்லிவல்லி என்றொரு சொல் உண்டு.
கஃபீல் இல்லாதவன், இக்காமா இல்லாதவன்,
எந்தக் கம்பெனிப் பட்டியலிலும் ஏறாதவன்.
ஆனால் எந்தக் கட்டடத்திலும்
ஒரு சுவராவது அவன் பூசியதாக இருக்கும்.
அதையே தலைப்பாக வைத்துப் பார்த்தேன்.
கச்சிதமாகப் பொருந்தியது.
அடித்துவிட்டேன்.

நேற்று ஆடிட்.
சேஃப்டி ஆபீசர் ரஃபத், எகிப்துக்காரர்,
மார்ச் மாதப் பதிவேட்டைப் புரட்டி
அந்தச் செவ்வாயில் விரலை நிறுத்தினார்.
உள்ளே ஒன்று. வெளியே இரண்டு.
மறுபடி எண்ணினார்.
நான் வாளியிலிருந்து எழுந்து நின்றேன்.

'போனவன் வராவிட்டால்தான் எனக்கு வேலை' என்றார்.
'கூட ஒருவன் வந்தால்,
அல்ஹம்துலில்லாஹ்.'

கையெழுத்திட்டார்,
இரண்டாமவன் கையெழுத்துக்குக் கீழே,
கொஞ்சம் இடம் விட்டு.