பன்னிரண்டாவது பெட்டி

மண்டபம் முகாமில் கொடுத்த கடனைப்
பதினோரு குடும்பமும் ஒரே துண்டில் கொட்டிக்
கோத்தகிரிக்கு மேலே, பஸ் திரும்பும் வளைவுக்கும் அப்பால்
ஆறே முக்கால் ஏக்கர் சரிவு வாங்கின.
பத்திரத்தில் இடம் போதாமல்
கடைசிப் பெயர்கள் ஓரத்தில் ஏறிப் போயிருக்கும்.

கண்டியில் லயத்தை வெறுத்து வந்தவர்கள்
இங்கே கட்டியதும் லயம்தான்.
வேறு மாதிரி வீடு எங்களுக்குக் கட்டத் தெரியவில்லை.
'துரை இல்லாத லயம்' என்றார் சிவனு.
சொல்லிவிட்டு, யாராவது மறுக்கிறார்களா என்று பார்த்தார்.

ஒரு அடுப்படி. ஒரு உண்டியல்.
சுவரில் ஒரே மீட்டர், அதன் சக்கரம்
எல்லாருக்குமாகச் சுற்றியது.
கேரட் விற்ற பணம் மேட்டுப்பாளையத்திலிருந்து
ஈரமாக வரும்; பிலோமினா அக்கா
விளக்கடியில் உலர்த்தி எண்ணுவாள்.
கூலி என்ற சொல்லுக்கு அபராதம் கால் ரூபாய்.

நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன்.
பிள்ளைகள் பதினேழு பேரும் ஒரு கூடத்தில் படுத்தோம்.
எனக்குப் பதினோரு அம்மா.
காய்ச்சல் வந்த இரவில்
பதினொருவரும், வேறொருத்தி போயிருப்பாள் என்று நினைத்துவிட்டார்கள்.
ஸ்வெட்டரெல்லாம் பொது: மூன்று வருடம்
அடுத்தவர் முழங்கை ஓட்டை வழியாகத்தான்
எனக்குக் குளிர்ந்தது.
ஆனால் உறைபனி விழுந்த அந்தத் தை மாதம்
விடியுமுன் முப்பத்தொன்பது பேர்
கொட்டாவி விட்டுக்கொண்டே
உருளைச் செடிகளுக்குத் தண்ணீர் தெளித்ததை
இன்னும் யாருக்கும் ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை.

விரிசல் கெட்டிலில் வந்தது.
லெச்சுமணன் மகன் குன்னூரில் வேலைக்குப் போய்
முதல் சம்பளத்தில் வாங்கியது.
ராத்திரி பத்து மணிக்கு அவர்கள் வீட்டில் மட்டும்
தண்ணீர் முனகும்.
பறித்துப் பறித்துக் கூன் விழுந்த பரம்பரை
தனக்கென்று ஒரு டம்ளர் தேநீரைக்
கதவைச் சாத்திக்கொண்டு குடித்தது அன்றுதான்.
கூட்டம் போட்டோம். மூன்று இரவு.
கெட்டிலைப் பொதுவில் வைக்க வேண்டும் என்று தீர்மானம்.
அடுத்த மாதம் நான்கு கெட்டில்.
நான்காவது எங்களுடையது.

மின்வாரிய ஆள் ஏணியோடு வந்தார்.
பதினோரு பெட்டி, பதினோரு பூட்டு.
அடுப்படிக் கூரையில் சௌசௌ கொடி ஏறியது.
நிலத்தை அளந்து பிரித்த அன்று
சிவனு கயிற்றின் ஒரு முனையைப் பிடித்து நின்றார்.
யாரிடமும் பேசவில்லை.
கயிறு தொய்யவும் விடவில்லை.

மறுபடி சேர்த்தது கொள்கை இல்லை, காட்டெருமை.
ஒன்பது உருப்படி,
யார் பங்கு எது என்று பார்க்காமல்
ஒரே இரவில் முட்டைக்கோஸ் மேய்ந்துவிட்டுப் போயின.
தனித்தனி வேலி என்றால்
ஒருவர் வழி இன்னொருவருக்கு அடைபடும்.
சுற்றி ஒன்றே என்றால் செலவு பாதிக்கும் கீழே:
பிலோமினா அக்காவின் பேத்தி ஜெனிட்டா,
கோயம்புத்தூரில் கணினி வேலையை விட்டு வந்தவள்,
போனிலேயே கணக்குப் போட்டுக் காட்டினாள்.
அவளும் சிநேகிதர்கள் இருவரும்
பழைய அடுப்படியைக் கேட்டார்கள். வாடகை தருகிறோம் என்றார்கள்.
'அந்தச் சொல்லுக்கு அபராதம் எவ்வளவு?' என்றது ஒரு குரல்.
வயதானவர்கள் மட்டும் சிரித்தோம்.

இப்போது சனிக்கிழமை மட்டும் சேர்ந்து சாப்பாடு,
விருப்பம் இருந்தால், பணம் கட்டி.
பிள்ளைகள் அவரவர் வீட்டில் படுக்கிறார்கள்.
ஆஸ்பத்திரிக்கென்று ஒரு ஜீப் வாங்கினோம்,
பாதி நாள் அது கல்யாணத்துக்குப் போகிறது.
வேலிக்குக் கரண்டு வேண்டும்:
சுவரில் பன்னிரண்டாவது பெட்டி, பூட்டில்லாமல்.

செயலாளர் நான். நோட்டு என்னிடம்.
முதல் பில் வந்திருக்கிறது.
தலைக்கா, வீட்டுக்கா, சென்ட்டுக்கா?
இன்றோடு மூன்று இரவு.
வெளியே கம்பி டிக் டிக் என்கிறது.
லெச்சுமணன் மகன், தலை நரைத்தவன், எழுந்து போய்
எத்தனை பேர் என்று கேட்கிறான்.
எண்ணிச் சொல்கிறேன்.
கெட்டில் சின்னது.
மூன்று தடவை வைக்க வேண்டும்.