காலி வீடு

தொண்டியில் ஐஸ் கம்பெனி மதில்தான் திரை.
உப்புப் பொரிந்த இடத்தில்
கதாநாயகியின் கன்னம் கொஞ்சம் உதிரும்.
நாற்பத்து மூன்றில் பெர்லினில் எடுத்த படம்.
'சும்மா பொழுதுபோக்கு' என்றுதான்
திரைப்படச் சங்கத்து நோட்டீஸில் போட்டிருந்தது.
மைக்கில் தமிழ் சொல்வது என் வேலை.

கொடி இல்லை. கை நீட்டும் கூட்டம் இல்லை.
மீசைக்காரன் படம்கூடச் சுவரில் இல்லை.
புதுத் தம்பதி வாடகைக்கு வீடு தேடி அலைகிறார்கள்,
மாமியார் குடையோடு படியில் வழுக்குகிறாள்.
வலைக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள்,
நானும்.

பிறகு ஒரு வீடு கிடைத்துவிடுகிறது.
பியானோ, சுவர்க் கடிகாரம்,
கழுவிக் கவிழ்த்த ஆறு கோப்பைகள்.
தரகர் சொல்ல, கச்சான் இரைச்சலில் நான் சொல்கிறேன்:
"எல்லாம் அப்படியே இருக்கு. இன்னைக்கே குடி வரலாம்."

இறால் தலை கிள்ளும் ஜெயசீலி
விரலை முகர்ந்துகொண்டே கேட்டாள்:
"முன்னாடி இருந்தவுக எங்க போனாக?"

தரகர் தொப்பியைத் தூக்கி வணங்கினார்.
தம்பதி ஆடத் தொடங்கினார்கள்.
பாட்டுக்கு மொழிபெயர்ப்பு வேண்டாமென்று
மைக்கை அணைத்தேன்.

சுவரில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.
காலையில் யாரோ
சாவி கொடுத்திருக்கிறார்கள்.