கணக்கில் வராத ஆள்

கண் மஞ்சளிக்கவில்லை, பசி குறையவில்லை.
டிப்போ முகாமில் ரத்தம் கொடுக்கப் போன இடத்தில்
பிடிபட்டது.

அஸ்தம்பட்டியில் டாக்டர் ஷாகிரா
சீட்டின் பின்பக்கம் ஒரு வட்டம் போட்டார்:
உங்க கல்லீரலில் ஒரு செல்.
உள்ளே ஒரு சின்ன வட்டம்: உட்கரு.
அங்கேதான் அது போகணும்.

அதுக்குக் கால் கிடையாது, நீந்தவும் தெரியாது.
பித்த உப்பை உள்ளே வாங்கும் வாசலில்
அதுவும் நுழைந்துவிடுகிறது.
உள்ளே தீபாவளிக்கு முந்தின நாள்
பழைய பஸ் ஸ்டாண்டு மாதிரி நெரிசல்.
மிதந்தே போனால் என்றைக்குப் போய்ச் சேர?
ஆனால் செல்லுக்குள் ரோடு இருக்கிறதாம்,
நூலை விட மெல்லிசாக.
அதன்மேல் சரக்கு தூக்கி நடக்கும் வண்டிகளும்.
எல்லாம் என் வண்டி, என் ரோடு,
நான் தின்ற சோற்றில் ஓடுவது.
தொற்றிக்கொண்டால் போதும்.

எத்தனை கொண்டை ஊசி, என்று கேட்டேன்.
டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார்.
எங்கள் ரூட்டில் இருபது.

பதினாறு வருஷம்.
ஒரு ஓசி சவாரி விட்டதில்லை நான்.
அறுபதடிப் பாலத்தில், மழையில்,
மிளகு மூட்டையோடு ஒருவனை இறக்கிவிட்டேன்.
மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு
திட்டாமல் நின்றான்.
அது ஏனோ இப்போதெல்லாம்.

உட்கரு வாசலில் சட்டையைக் கழற்றிவிட்டு
உள்ளே போகிறது.
தலையும் வாலும் முடிந்து வளையமாகி
செல் படிக்கும் ஏட்டோடு ஏடாக உட்கார்கிறது.
செல் அதையும் படிக்கிறது.
படித்ததை நகலெடுத்து அனுப்புகிறது.
சில நகல் வெளியே.
சிலது பாதி வழியில் திரும்பி
மறுபடி உட்கருவுக்கே.

ரிட்டர்ன் டிரிப்பா?
அப்படித்தான் வையுங்க.

தினம் ஒரு மாத்திரை.
நகலைத் தடுக்கும், வளையத்தை எடுக்காது.
சம்பூரணத்துக்கும் பையனுக்கும்
ஊசி போட்டாயிற்று.
அவள் என் டம்ளரைத் தனியாக வைத்தாள்,
நாலாம் நாள் தானே எடுத்து ஒன்றாகக் கழுவினாள்.
அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

கடைசி நடை. ஏற்காட்டில் பனி
கண்ணாடியை மூடிவிட்டது.
மாத்திரையை விழுங்கித் தலை எண்ணினேன்:
முப்பத்தேழு. டிக்கெட்டும் முப்பத்தேழு.
விசில் வாயிலேயே நிற்கிறது.

மாதையன் ஸ்டியரிங்கிலிருந்து திரும்பினான்:
என்னய்யா, யாராச்சும் வரணுமா?

வந்தாச்சு.
ரைட்.